வாசித்துக் கிரகித்தல்: ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் தமிழ் மாணாக்கர் பற்றிய ஒரு நோக்கு

இலங்கையிற் பாடசாலைக் கல்வி தாய்மொழிக்கு மாறத் தொடங்கியது 1945 ஆம் ஆண்டையொட்டிய கல்விச் சீர்திருத்தங்களுடனாகும். ஆரம்ப வகுப்புகளில் தொடங்கிய அம்மாற்றம் படிப்படியாக மேலேறி, 1960 ஆம் ஆண்டளவிற் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தை வந்தடைந்தது. வரலாறும் பொருளியலும் புவியியலும் தமிழிலேயே விரிவுரைகளாயின. இம்மாற்றத்தின் நியாயத்தை இன்று எவரும் மறுக்கார். ஆயின், விரிவுரை தமிழிலாயிற்றேயன்றி நூலகம் தமிழிலாகவில்லை. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளையும் மொழிபெயர்ப்பு நூல்களையும் வெளியிட்டு அரும்பணி ஆற்றியது. எனினும், அம்மொழிபெயர்ப்புகள் யாவற்றையும் ஒருங்கு சேர்ப்பினும், நூலகத்தின் ஆங்கிலப் பகுதிக்கு அவை சிறிதும் ஈடாகா.

இதன் விளைவு யாது? மாணாக்கன் விரிவுரைக் குறிப்புகளைக் கொண்டே பட்டம் பெற்றுவிடுகிறான். விரிவுரையாளர் எந்த நூலை எடுத்தாண்டாரோ அந்நூலை அவன் திறந்து பார்ப்பதில்லை. பார்த்தாலும் இரண்டு பக்கத்துக்கு மேற் செல்வதில்லை. ஆகவே, விரிவுரையாளர் கூறியது சரியா, அந்நூலாசிரியர் உண்மையில் அவ்வாறுதான் கூறினாரா என்று கேட்கும் நிலையும் அவனுக்கு வாய்ப்பதில்லை. மாறுபட்ட கருத்தொன்றை அவன் கொள்ள விரும்பினும் அதற்கான ஆதாரம் அவன் கைக்கு எட்டாத மொழியில் இருக்கிறது. தமிழ் மூலம் பயிலும் மாணாக்கனுக்கு ஆங்கிலம் எதற்கு என்று வினவுவோர்க்கு நாம் கூறும் விடை இதுவே: தன் ஆசிரியரிடமிருந்து விடுதலை பெறுதற்கு. இவ்விடையை ஏற்போமாயின், அவனுக்கு முதலில் வேண்டப்படுவது வாசிக்கும் ஆற்றலே என்பதும் ஏற்கப்பட வேண்டும். டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியில் ஈடுபட்டிருந்த மைக்கேல் வெஸ்ட், 1926 இல் வெளியிட்ட நூலில் வங்காள மாணாக்கர் பற்றி ஏறத்தாழ இதனையே வற்புறுத்தினார். கல்வியை இடையில் நிறுத்திவிடும் பிள்ளைக்கும் கையில் எஞ்சுவது எதுவோ அதனை முதலிற் கற்பிக்க வேண்டும் என்பதும், வாசிப்பே அவ்வாறு எஞ்சக்கூடியது என்பதும் அவர் துணிபு. பேச்சாங்கில வகுப்புகளின் விளம்பரங்கள் மலிந்துள்ள இக்காலத்தில் இக்கருத்து பழமையானதாகத் தோன்றலாம். எனினும், பழமை என்பதாலேயே அது பிழையாகிவிடாது.

இனி, எமது வகுப்பறைகளிற் கிரகித்தல் என்ற பெயரால் நிகழ்வது யாது என நோக்குவோம். ஆசிரியர் ஒரு பந்தியை உரத்து வாசிப்பார். மாணாக்கர் இருவர் மூவர் அதனை மீண்டும் வாசிப்பர். கடினச் சொற்கள் ஐந்தாறு கரும்பலகையில் எழுதப்படும். அதன்பின் பந்தியின் கீழுள்ள வினாக்களுக்கு விடை எழுதப்படும். விடைகள் திருத்தப்படும். பாடம் முடிந்தது. இதில் மாணாக்கன் எதனைக் கிரகித்தான் என்பதை அறிய விரும்புவோர் பின்வரும் பகுதியை வாசித்துப் பார்க்கலாம்:

கிளுவணிகள் மாத்தடியிற் பொறுவின. பொறுவிய கிளுவணிகளை ஞெமுடன் தொவட்டினான். ஆயினும் அவை தவுளவில்லை.

இப்பகுதியில் வினைகளும் பெயர்களும் நாம் புனைந்தவை, எவ்வகராதியிலும் இல்லாதவை. இனி வினாக்கள்: கிளுவணிகள் எங்கே பொறுவின? அவற்றைத் தொவட்டியவன் யார்? தொவட்டிய பின் அவை தவுளினவா? மூன்று வினாக்களுக்கும் வாசகர் எவ்விதத் தயக்கமுமின்றி விடை கூறிவிடுவார். முழுப் புள்ளிகளும் கிடைக்கும். ஆனால் கிளுவணி பறவையா, பாத்திரமா, நோயா என்பது அவருக்குத் தெரியாது. ஆங்கிலப் பந்தியின் முன் எமது மாணாக்கன் செய்வதும் இதுவே. வினாவிலுள்ள சொல்லொன்றைப் பந்தியிலே தேடுகிறான். அச்சொல் வரும் வாக்கியத்தைப் பெயர்த்தெழுதுகிறான். சரியெனக் குறி பெறுகிறான். பல ஆண்டுகள் இவ்வாறு சரியெனக் குறி பெற்றவன் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஒரு பக்கத்தை வாசித்துப் பொருள் கூற இயலாது நிற்கும்போது நாம் வியப்படைகிறோம்.

இக்குறை எமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் டொலோரெஸ் டேர்கின் என்னும் ஆய்வாளர் நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடங்களை நேரில் அவதானித்து 1978–79 இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. கிரகித்தலைக் கற்பிப்பதற்கெனச் செலவிடப்பட்ட நேரம் மொத்த வாசிப்பு நேரத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே இருந்தது. ஆசிரியர்கள் வாளாவிருந்தனர் என்பதன்று இதன் கருத்து. அவர்கள் ஓயாது வினாக்களைத் தொடுத்தவண்ணம் இருந்தனர். பயிற்சித் தாள்களை வழங்கினர். ஆயின் வினாத் தொடுத்தல் பரீட்சித்தலேயன்றிக் கற்பித்தலாகாது. நீந்தத் தெரியாதவனை நாள்தோறும் கிணற்றில் இறக்கி, அவன் அமிழ்கிறானா மிதக்கிறானா எனக் குறித்துக்கொள்வது நீச்சற் பயிற்சியாகுமா?

அங்ஙனமாயின், கற்பிக்கப்பட வேண்டியது எது? அதனை அறிதற்கு மாணாக்கன் எங்கே இடறுகிறான் என்பதை அறிய வேண்டும். அதன்பொருட்டு நாம் ஆங்கிலத்தில் ஒரு பந்தியை எழுதி, முதலாண்டு மாணாக்கரிடையே வழங்கினோம். எடுத்துக்கொண்ட பொருள் 1934–35 இல் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோய். பந்தியின் சாரம் வருமாறு: 1934 இற் பருவமழை பொய்த்தது. தென்மேற்குப் பகுதியின் ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் நுளம்புகள் பெருகின. உலர்வலயத்தில் மலேரியா எக்காலமும் இருந்துவந்த நோயேயாயினும், உயிரிழப்பு மிகுந்தது ஈரவலயத்திலும் அதனை அடுத்த இடைவலயத்திலுமே. உலர்வலயத்து மக்கள் இளமை முதல் அந்நோய்க்கு ஆட்பட்டு ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர்.

பந்தியிலே வரும் கலைச்சொற்களை மாணாக்கர் அறிந்திருந்தனர். அறியாதவற்றை உடனே கேட்டுத் தெரிந்துகொண்டனர். 'உலர்வலயம்', 'கொள்ளைநோய்', 'எதிர்ப்பாற்றல்' என்பன அவர்களுக்கு இடர் விளைக்கவில்லை. ஆனால் பின்வரும் கருத்துடைய வாக்கியத்தில் வகுப்பின் பெரும்பகுதி இடறிற்று: ஆறுகள் விட்டுச்சென்ற குட்டைகளிற் பெருகிய நுளம்புகள் நோயைப் பரப்பின. தமிழிலே இது மிக எளிய வாக்கியம். இதன் ஆங்கில வாக்கியத்திற் சொற்கள் நிற்கும் முறையை அப்படியே தமிழ்ச் சொற்களால் அடுக்கிக் காட்டுவோமாயின் அது இவ்வாறமையும்: நுளம்புகள் — எவை — பெருகின — குட்டைகளில் — ஆறுகள் — விட்டுச்சென்றன — பரப்பின — நோயை.

தமிழிற் பெயரெச்சம் பெயருக்கு முன் நிற்கும். 'ஆறுகள் விட்டுச்சென்ற' என வாசிக்கும்போதே பெயரொன்று வரவிருக்கிறது என எதிர்பார்க்கிறோம். 'குட்டைகளில்' என்றதும் எதிர்பார்ப்பு நிறைவுறுகிறது. முற்றுவினை ஈற்றில் வந்து வாக்கியத்தைப் பூட்டுகிறது. ஆங்கிலத்திலோ பெயர் முன்னே வந்துவிடும். அதனைச் சிறப்பிக்கும் பகுதி பின்னே தொடரும். அப்பகுதியினுள்ளும் ஒரு வினை நிற்கும். அதற்குள் மற்றொரு பெயரும் அதற்குரிய சிறப்பிக்கும் பகுதியும் நுழைந்துகொள்ளும். தலைமை எழுவாய்க்குரிய பயனிலை வந்து சேரும்போது எழுவாய் வெகுதூரம் பின்தங்கிவிடும். இவ்வாக்கியத்தில் இரண்டாம் முறை இணைப்புச் சொல்லும் இல்லை. குட்டைகளும் ஆறுகளும் இடையில் ஒன்றுமின்றி அடுத்தடுத்து நிற்கின்றன. மாணாக்கன் என்ன செய்கிறான்? வினைக்கு மிக அருகில் நிற்கும் பெயரை எழுவாயாகக் கொள்கிறான். 'ஆறுகள் நோயைப் பரப்பின' எனப் பொருள் எழுதினோர் பலர். 'விட்டுச்சென்றன' என்பதற்குரிய ஆங்கிலச் சொல் 'இடப்பக்கம்' என்றும் பொருள்படுமாதலால், ஆறுகளின் இடக்கரையில் நோய் பரவியது என எழுதியோரும் உளர். நகைக்கத்தக்க விடையே. ஆயினும் அவ்வாறு எழுதியவன் பொருளொன்றைக் கட்டியமைக்க முயன்றிருக்கிறான். வாக்கியத்தைப் பெயர்த்தெழுதி முழுப் புள்ளி பெற்றவனிலும் அவன் வாசிப்புக்கு அண்மையில் உள்ளான் என்பதே எமது மதிப்பீடு.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கும் வழி மேனாட்டு ஆய்வேடுகளில் மட்டுமே உண்டு எனக் கருத வேண்டுவதில்லை. செய்யுளுக்குப் பொருள் காணும் முறையை எமது தமிழாசிரியர்கள் எவ்வாறு கற்பித்தனர் என்பதை நினைவுகூர்தல் தகும். செய்யுளிற் சொற்கள் நிற்கும் முறை வேறு, பொருள் கொள்ளும் முறை வேறு என்பதை எமது இலக்கண மரபு தெளிவாக உணர்ந்திருந்தது. நன்னூல் ஆற்றுநீர் முதலாக அடிமறிமாற்று ஈறாகப் பொருள்கோள் எட்டு என வகுக்கிறது. செய்யுளைக் கையிலெடுத்த ஆசிரியர் முதலிற் பதம் பிரிப்பார். பின் பயனிலையைத் தேடுவார். அதற்கு எழுவாய் எது எனக் கேட்பார். எச்சங்கள் எவற்றைக் கொண்டு முடிகின்றன எனக் காட்டுவார். தொலைவில் நிற்பனவற்றைக் கொண்டுவந்து கூட்டுவார். பதவுரை சொல்லிப் பொழிப்புரை சொல்வார். அதன் பின்னரே கருத்தைப் பற்றிப் பேசுவார். இது கிரகித்தலைக் கற்பிக்கும் முறையன்றி வேறென்ன? இதே மாணாக்கர், தமிழ் வகுப்பிற் கம்பனுக்குக் கொண்டுகூட்டிப் பொருள் காண்பவர், அடுத்த பாடவேளையில் ஆங்கில வாக்கியத்தின் முன் அம்முறையைக் கைவிட்டுச் சொற்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக உருட்டிச் செல்கின்றனர். ஆங்கிலத்தில் அவர்கள் செய்வது வெறும் பதவுரை. பொழிப்புரைக்கு அவர்கள் வந்து சேர்வதேயில்லை.

நாம் மேற்கொண்ட முறை எளியது. வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, முற்றுவினைகள் யாவற்றையும் அடிக்கோடிடச் செய்தோம். மேற்கூறிய வாக்கியத்தில் மூன்று வினைகள் உள. ஒவ்வொன்றுக்கும் எழுவாயைக் கண்டு வளைகோட்டால் இணைக்கச் சொன்னோம். பின்னர்த் தலைமைப் பயனிலை எது என வினவினோம். அதன்பின் ஏனைய இரு வினைகளையும் தமிழ்ப் பெயரெச்சங்களாக்கி, உரிய பெயர்களுக்கு முன்னே வைத்துப் பொழிப்பு எழுதச் செய்தோம். முதல் வாரத்தில் ஒரு வாக்கியத்துக்கு அரை மணி நேரம் சென்றது. அவசரப்படுவோர்க்கு இது உவப்பளிக்காது. மூன்றாம் வாரத்தில் மாணாக்கர் கோடிடாமலே இணைப்பைக் கண்டனர். மாணாக்கர் பெரிதும் மகிழ்ந்த ஓரிடத்தையும் இங்குக் குறிப்பிடலாம். 'முறையே' என்னும் பொருள்படும் 'றெஸ்பெக்ற்றிவ்லி' என்ற சொல் வரும் வாக்கியங்கள் அவர்களுக்குப் பெருங்குழப்பமாக இருந்தன. 'இது நிரல்நிறைதானே' என ஒரு மாணவி கூறிய கணத்திலே வகுப்பு முழுவதும் அதனைப் பற்றிக்கொண்டது.

அடுத்து, சிறு சொற்களைப் பற்றிக் கூற வேண்டும். முன்னர் நாம் புனைந்த பொருளற்ற பகுதிக்கு ஒருமுறை மீள்வோம். ஞெமுடன் எதற்காகத் தொவட்டினான் என்று வினவினால், 'அவை தவுள வேண்டும் என்பதற்காக' என விடை கூற இயலும் அல்லவா? இதனைக் கூறவைத்த சொல் எது? 'ஆயினும்' என்பதே. அப்பகுதியில் எமக்குத் தெரிந்த ஒருசில சொற்களுள் அதுவும் ஒன்று. பெயரும் வினையும் தெரியாதவிடத்தும் ஓர் இடைச்சொல் இத்துணைப் பொருளைத் தருமாயின், பெயரும் வினையும் தெரிந்து இடைச்சொல் தெரியாதவன் எவ்வளவை இழப்பான் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

தமிழில் வாக்கியத் தொடர்பு பெரும்பாலும் வினையின் ஈற்றிலே ஒட்டி நிற்கும். வந்தாலும், வந்தபடியால், வராவிட்டால் என்பனவற்றில் உறவைக் காட்டும் உறுப்பு கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் அவ்வுறவைக் காட்டுவது தொடரின் தலையிலே தனியே நிற்கும் சிறுசொல். தமிழ் மாணாக்கன் தலையில் நிற்கும் அச்சொல்லைத் தாண்டிச் சென்று, தொடரின் ஈற்றில் அடையாளம் எதுவும் காணாமையால், அதனைத் தனி வாக்கியமாகக் கொண்டுவிடுகிறான். எமது பந்தியில் 'ஆல்தோ' என்னும் சொல்லோடு தொடங்கிய தொடர், உலர்வலயத்தில் மலேரியா எக்காலமும் இருந்தது என்பதாகும். மாணாக்கர் பலர் அதனைத் தனிச் செய்தியாக ஏற்று, ஆகவே உலர்வலயத்திலேயே மிகுதியானோர் இறந்தனர் என முடிவு செய்தனர். பந்தி கூறியதற்கு இது நேர்மாறு. 'அன்லெஸ்' என்பதும் இத்தகையதே. எதிர்மறைச் சொல் எதுவும் வெளியே தெரியாமல் எதிர்மறை அதனுள்ளே மறைந்திருக்கிறது. 'ஹாட்லி' என்பதைக் 'கடினமாக' எனக் கொண்டு பொருளைத் தலைகீழாக்குவது வழக்கமாகிவிட்டது. 'இடைவலயத்திலுமே' என நாம் ஏகாரத்தால் உணர்த்தியதை ஆங்கிலம் 'அது இருந்தது' என்று தொடங்கும் வாக்கிய அமைப்பால் உணர்த்துகிறது. மாணாக்கர் 'அது என்றால் எது?' எனக் கேட்டனர். அது எதனையும் சுட்டவில்லை, பிரிநிலை ஏகாரத்தின் தொழிலையே செய்கிறது என்று விளக்கியதும் ஐயம் அகன்றது. கலைச்சொற்றொகுதிகள் பல உள. இச்சிறு சொற்களுக்கு ஒரு தொகுதியை எவரும் எமது மாணாக்கர் கையில் கொடுக்கவில்லை. ஒரு நூறு சொற்கள்கூட வாரா.

குறியீடுகளையும் மாணாக்கர் பொருட்படுத்துவதில்லை. தமிழ் உரைநடையிற் குறியீடுகளை வழக்கப்படுத்திய முன்னோடிகளுள் ஒருவராக ஆறுமுக நாவலர் போற்றப்படுகிறார். அவர் வழிவந்த நாம் காற்புள்ளியை மூச்சுவிடும் இடமாக மட்டும் கருதுவது பொருந்தாது.

மொழியமைப்பை அறிந்த அளவில் எல்லாம் முடிந்துவிடுமா? முடியாது. மழை பெய்தால் நுளம்பு பெருகும் என்பது எமது மாணாக்கர் அனுபவத்தில் அறிந்த உண்மை. மழை பொய்த்தமையால் நுளம்பு பெருகியது என்று பந்தி கூறியது. விடைத்தாள்களிலோ 'கடும் மழையினால் நோய் பரவியது' என்ற விடை மிகுந்திருந்தது. 'பொய்த்தது' என்பதற்குரிய ஆங்கில வினையை அவர்கள் பரீட்சையில் தவறுதல் என்ற பொருளில் மட்டுமே அறிந்திருந்தனர் என்பது ஒரு காரணம். ஆனால் சொல்லின் பொருளைக் கூறிய பின்னரும் சிலர் தம் விடையை மாற்றவில்லை. முன்னரே அறிந்தது வாசித்ததை வென்றுவிட்டது.

இதனை ஆய்வுகளும் உறுதிப்படுத்துகின்றன. ஸ்டெபென்சன், ஜோக்-தேவ், அன்டர்சன் ஆகிய மூவர் 1979 இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியரும் அமெரிக்கருமாகிய வாசகருக்கு இரு கடிதங்கள் கொடுக்கப்பட்டன. ஒன்று இந்தியத் திருமணம் பற்றியது. மற்றது அமெரிக்கத் திருமணம் பற்றியது. இரு சாராரும் தத்தம் வழக்குக்குரிய கடிதத்தை விரைவாக வாசித்தனர். மிகுதியாக நினைவிற் கொண்டனர். மற்றதைத் தம் வழக்குக்கேற்பத் திரித்துக்கொண்டனர். மணமகள் தன் பாட்டியின் திருமண ஆடையை அணிந்தாள் என்ற செய்தி அமெரிக்க வாசகருக்குக் குடும்பப் பெருமையாகத் தோன்ற, இந்திய வாசகரொருவருக்கு அது பழைய ஆடை என்ற குறையாகவே பட்டது. இந்திய வாசகர் ஆங்கிலம் அறியாதவரல்லர். சொற்கள் யாவும் தெரிந்திருந்தும் பொருள் வேறாயிற்று.

எமது மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாம் கற்பித்த ஆங்கில வகுப்பொன்றை ஆராய்ந்த சுரேஷ் கனகராஜா, 1999 இல் வெளிவந்த தமது நூலில், அமெரிக்க வாழ்வைக் களமாகக் கொண்ட பாடநூலொன்றை மாணாக்கர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை விவரிக்கிறார். அப்பாடநூலின் ஓரங்களில் மாணாக்கர் தாமே எழுதியும் வரைந்தும் வைத்திருந்தவற்றை அவர் சான்றாகக் காட்டுகிறார். தமக்குத் தொலைவான வாழ்வு பேசப்படும் பக்கத்தின் ஓரத்திலே தமது வாழ்வை அவர்கள் குறித்துக்கொண்டனர். ஆசிரியர்கள் இத்தகைய கிறுக்கல்களைக் கண்டு சினப்பதுண்டு. நாம் அவற்றை வாசித்தல் நல்லது.

ஆகவே, தொடக்க நிலையிற் பந்தியின் பொருள் மாணாக்கன் அறிந்த உலகத்தைச் சார்ந்திருத்தல் வேண்டும். மொழியோடு போராடுபவன் அதேவேளையிற் பொருளோடும் போராட இயலாது. எனினும், அறிந்த பொருளையே என்றும் கொடுப்பின், அவன் வாசியாமலே விடை கூறிவிடுவான். மலேரியாப் பந்தியின் சிறப்பு இதுவே. களம் அறிந்தது, செய்தி எதிர்பாராதது. பந்தியை வாசிக்குமுன், நோய் எக்காலத்தில், எப்பகுதியில் மிகுதியாகப் பரவியிருக்கும் என ஒவ்வொருவரையும் ஊகித்து எழுதவைத்தோம். வாசித்தபின் தம் ஊகத்தையும் பந்தியையும் ஒப்பிடச் செய்தோம். தான் எழுதியதும் நூல் கூறுவதும் வேறு என்பதைத் தானே கண்டுகொண்டவன் அவ்வாக்கியத்தை மீண்டும் சென்று வாசிக்கிறான். மீண்டும் சென்று வாசித்தல் என்னும் இப்பழக்கமே எமது மாணாக்கரிடம் இல்லாதது.

ஊகித்தல் பற்றி ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வாசிப்பு என்பது ஓர் ஊக விளையாட்டு என 1967 இல் கென்னத் குட்மன் கூறியது ஆசிரியப் பயிற்சிகளிற் பெரிதும் பரவி, அறியாத சொல்லைச் சூழலால் ஊகித்துக்கொள் என்னும் கட்டளையாக மாறிவிட்டது. சூழலே தெரியாதவன் எதனைக்கொண்டு ஊகிப்பான்? ஹூ, நேஷன் ஆகிய இருவர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, கதையொன்றைத் துணையின்றி வாசித்துக் கிரகிப்பதற்கு அதிலுள்ள சொற்களுள் நூற்றுக்கு 98 அளவில் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அதாவது, 50 சொற்களுக்கு ஒன்றே அறியாததாக இருக்கலாம். எமது மாணாக்கர் கையிற் கொடுக்கப்படும் பாடநூற் பக்கத்தில் ஒரு வரிக்கு ஒன்றோ இரண்டோ அறியாச் சொற்கள் உள. அந்நிலையில் ஊகி என்பது, கைவிட்டோம் என்பதற்கு நாகரிகமான மறுபெயர். இரண்டாம் மொழியில் வாசிக்க இயலாமை வாசிப்புக் குறையா, மொழிக் குறையா என ஆல்டர்சன் 1984 இல் எழுப்பிய வினாவுக்கு, எமது வகுப்பைப் பொறுத்தவரை, முதலில் மொழிக் குறையே என்றுதான் விடை கூற வேண்டியுள்ளது. தமிழில் நன்கு வாசிப்பவன் அவ்வாற்றலை ஆங்கிலத்துக்குக் கொண்டுசெல்வான் என்பது உண்மையே. ஆனால் ஏறிச் செல்வதற்கு ஓடம் வேண்டும்.

ஆங்கில வகுப்பிலே தமிழ் பேசலாகாது என்ற விதியையும் மீளாய்வு செய்தல் வேண்டும். பேச்சுப் பயிற்சிக்கு அவ்விதி பொருந்தலாம். கிரகித்தலிலோ, மாணாக்கன் புரிந்துகொண்டானா என்பதை அறிதற்குத் தமிழிலே பொழிப்பு எழுதவைத்தலைவிடச் சிறந்த வழியை நாம் காணவில்லை. ஆங்கிலத்தில் விடை எழுதப் பணித்தால் அவன் பெயர்த்தெழுதித் தப்பிவிடுவான். தமிழில் எழுதப் பணித்தால் மறைவிடம் இல்லை. மேலும், தனக்குப் புரிந்த நுண்மையான வேறுபாடு ஒன்றைத் தன் குறையுடைய ஆங்கிலத்திற் கூற இயலாமல் விட்டவன், புரியாதவன் எனக் கணிக்கப்படும் அநீதியும் நீங்கும்.

வினாக்களின் தன்மையும் மாற வேண்டும். 'எத்தனை பேர் மாண்டனர்?' என்பது கண்ணுக்கு இடும் வேலை. 'உலர்வலயத்திலிருந்து ஈரவலயத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பமொன்று இந்நோயால் எவ்வாறு பாதிக்கப்பட்டிருக்கும்?' என்பதற்குப் பந்தியில் எவ்வாக்கியமும் விடையன்று. ஆனால் பந்தியைக் கிரகித்தவனுக்கு விடை தெரியும். இத்தகைய வினாவொன்று பெயர்த்தெழுதும் வினாக்கள் பத்துக்குச் சமம். மாணாக்கரையே வினா எழுதச் செய்வதும் பயன் தரும். பலிங்சர், பிரவுன் ஆகிய இருவர் 1984 இல் வெளியிட்ட ஆய்வில், மாணாக்கர் முறைவைத்து ஆசிரியராகி, வினாத் தொடுத்தல், சுருக்குதல், ஐயம் தெளிதல், வரவிருப்பதை எதிர்நோக்கல் ஆகிய நான்கையும் நடத்தியபோது அவர்களின் கிரகித்தல் மேம்பட்டதாகக் கூறப்பட்டுள்ளது. நாம் இதனைத் தமிழிலே நடத்திப் பார்த்தோம். முதல் நாள் அமைதி. இரண்டாம் நாள் ஒருவரையொருவர் மடக்கும் வினாக்கள் புறப்பட்டன. விடையை அறிந்தவனே மடக்கும் வினாவை இயற்ற இயலுமாதலால் நாம் தடுக்கவில்லை.

இவையனைத்தும் ஆழ்ந்து வாசித்தற்குரிய பயிற்சிகள். வாரத்துக்கு ஒரு பந்தியை அலசுபவன் வாசகனாவதில்லை; அவன் ஏராளமாக வாசித்தல் வேண்டும். பீஜித் தீவுகளின் கிராமியப் பாடசாலைகளில் எலி, மங்குபாய் ஆகியோர் நடத்தி 1983 இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற ஆரம்ப வகுப்புகளுக்கு ஏறக்குறைய 250 கதைநூல்கள் வழங்கப்பட்டன. அவ்வகுப்புகள் முதலாண்டில் வாசிப்பில் முன்னேறின. இரண்டாமாண்டில் அம்முன்னேற்றம் எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பரவிற்று. அங்கு விலையுயர்ந்த கருவி எதுவும் பயன்படவில்லை. பிள்ளைக்கு விருப்பமான நூல்கள் பல இருந்தன. வாசிப்பதற்கு நேரம் ஒதுக்கப்பட்டது. எமது பாடசாலை நூலகங்கள் சிலவற்றில் ஆங்கில நூல்கள் பூட்டிய அலுமாரியினுள் இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். தொலைந்துவிடும் என்ற அச்சமே காரணம் எனக் கூறப்பட்டது.

நூல்கள் வந்து சேரும் வரை நாம் காத்திருக்கவில்லை. மலேரியாப் பந்தியைப் போன்று மேலும் இருபதளவிற் பந்திகளை எழுதித் தட்டச்சிட்டு வகுப்பில் வைத்தோம். யாழ்ப்பாணக் கிணறுகளில் நீர் உவர்ப்பாவது ஏன், கோப்பியை அழித்த நோய் தேயிலையைக் கொண்டுவந்தது எவ்வாறு, குளத்தின் கலிங்கு எதற்கு என்பன போன்ற பொருள்கள் அவற்றில் எடுத்தாளப்பட்டன. நூற்றுக்கு 98 என்னும் அளவுக்குச் சொற்களைக் கட்டுப்படுத்தல் எளிதாக இருக்கவில்லை. சில பந்திகளை நான்கு முறை திருத்தினோம். முதற் பந்திகளில் ஒவ்வொரு வினையும் பென்சிலால் அடிக்கோடிடப்பட்டு, வளைகோடுகள் எழுவாய்களை நோக்கி ஓடுகின்றன. பதினைந்தாம் பந்திக்கு அப்பாற் கோடுகள் அருகி, ஓரங்களிலே தமிழிற் குறிப்புகள் தொடங்குகின்றன. கோப்பிப் பந்தியின் ஓரத்திலே, 'ஆசிரியர் தோட்டத் தொழிலாளரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்பந்தியை எழுதிய ஆசிரியர் நாமே.